நீங்க போங்க, நான் வர்றனுங்ணா

நவம்பர் 12, வியாழன்

வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழுவின் ஐம்பதாவது மலை நடை. வெள்ளிமுடி எஸ்டேட்டில் ஏறி, காத்தாடிக் கணவாயைத் தாண்டி, மறுபக்கம் நாவல்துறையில் இறங்க வேண்டும். பதினான்கு கிலோமீட்டர். காலை 7.10க்குக் கிளம்பினால் மாலை 3.30க்கு நாவல்துறை. வேன் எங்களை எஸ்டேட் கேட்டில் இறக்கிவிட்டு, மலையைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் காத்திருக்கும். அனுமதிக் கடிதம் கைக்கு வந்துவிட்டது.

தனியார் பஸ் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் நான். இரண்டு நிமிஷம் பிந்தி வந்த டிரைவரை பஸ் ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேள்வி கேட்டவன். அந்தப் பழக்கம்தான் இந்தக் குழுவை ஏழு வருஷமாகக் கட்டி இழுக்கிறது. நாற்பத்தொன்பது நடையில் ஒன்றுகூடப் பாதியில் திரும்பியதில்லை. பெருமைக்காக எழுதவில்லை. உள்ளதை எழுதுகிறேன்.

விதித் தாளைப் பதினான்கு ஜெராக்ஸ் எடுத்தேன். எல்லாம் நானே எழுதிய விதிகள். முக்கியமானது நான்காவது: 'ஒருவர் திரும்பினால் எல்லோரும் திரும்ப வேண்டும். யாரையும் தனியாக அனுப்பக் கூடாது.' இதுவரை அந்த விதிக்கு வேலை வந்ததில்லை.

கடைசி ஆள் வழக்கம்போல நாச்சிமுத்து. லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வரிசையின் கடைசியில் அவர் வந்தால் நான் திரும்பியே பார்க்க வேண்டாம். முதலுதவிப் பை வழக்கம்போலக் கலாமணி அம்மாவிடம். டெய்லர் கடை வைத்திருக்கிறார். பையை அவரேதான் தைத்தார், பச்சை பிளவுஸ் துணியில், மேலே சிவப்பில் ஒரு கூட்டல் குறி வைத்து. தாம்பூலப் பை மாதிரி இருக்கிறதே என்று நான் கேலி செய்தபோது சிரித்தார். ஆனால் ஏழு வருஷத்தில் அந்தப் பை அவர் தோளை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட மடியில் வைத்துக்கொள்வார். அந்தம்மாவிடம் ஒரே குறை, நடை மெதுவு.

நவம்பர் 13, வெள்ளி

காற்றழுத்தத் தாழ்வாம். ரேடியோவில் சொன்னார்கள். போன மாதமும் இப்படித்தான் சொன்னார்கள், ஒரு தூறல்கூட விழவில்லை.

நவம்பர் 14, சனி

காலையிலிருந்து போன். மூன்று பேர் கழன்றுகொண்டார்கள். ஒருவருக்குச் சளி, ஒருவருக்கு மச்சினன் வீட்டில் விசேஷம், ஒருவர் நேராகவே மழைக்குப் பயமாக இருக்கிறது என்றார். அவரை மதிக்கிறேன், மற்ற இருவரையும் இல்லை. ஆக, என்னையும் சேர்த்துப் பதினொரு பேர்.

லோகநாயகி இட்லிப் பொடி கலந்துகொண்டே கேட்டாள், "மழைன்னு சொல்றாங்கல்ல. அடுத்த வாரம் போனா மலை ஓடியா போயிரும்?" கட்டிய மனைவிக்கே புரியவில்லை என்றால் யாரிடம் சொல்வது. வேனுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. '50வது நடை – வெற்றிப் பயணம்' என்று பேனர் அடித்தாயிற்று. கணவாயில் அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்க வேண்டும். நான்கு அடிக்கு மூன்று அடி, சுருட்டினால் என் பையில் சரியாக அடங்குகிறது.

கலாமணி அம்மா மாலையில் போன் செய்து, வானம் ஒரு மாதிரி இருக்கிறதே, போகிறோமா என்று கேட்டார். போகிறோம் என்றேன். "சரிங்ணா, நீங்க சொன்னாச் சரி" என்று வைத்துவிட்டார்.

கயிறு, விசில், அட்டைக்குப் போடப் பொடியுப்பு, தீபாவளி மிக்ஸரில் மிச்சம் இருந்தது, எல்லாம் எடுத்து வைத்தாயிற்று.

நவம்பர் 15, ஞாயிறு
நாவல்துறை சமுதாயக் கூடம், மாலை 6.40

கலாமணி அம்மா இன்னும் வந்து சேரவில்லை. மற்றவர்களை வேனில் அனுப்பிவிட்டேன். நானும் நாச்சிமுத்துவும் இங்கேயே தங்கியிருக்கிறோம். போலீஸுக்குச் சொல்லியாயிற்று. விடிந்ததும் தேடப் போகிறார்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது கேட்பார்கள்.

7.14 எஸ்டேட் கேட். நான்கு நிமிஷம் தாமதம், வேன்காரன் டீ குடித்ததால். 8.25க்கு மழை ஆரம்பம். தேயிலைக்குள் நடக்கும்போது தூறல்தான், பெரிதாக ஒன்றும் இல்லை. 9.42 இரட்டை ஓடை. தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. கயிறு கட்டி ஒவ்வொருவராகக் கடந்தோம். கலாமணி அம்மா நடு ஓடையில் ஒருமுறை வழுக்கி உட்கார்ந்தார், எழுந்தார். ஒன்றுமில்லை என்றார். 10.05 மேலே ஏற ஆரம்பித்தோம். 10.30லிருந்து மழை வலுத்தது. மேகம் இறங்கி, முன்னால் போகும் ஆளின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அட்டை ஏகமாக இருந்தது.

வழுக்குப் பாறைக்குக் கீழே அந்தம்மாவுக்காக எட்டு நிமிஷம் நின்றோம். வந்ததும் இரண்டு வார்த்தை சொன்னேன். எல்லோர் முன்னாலும்தான் சொன்னேன். லீடர் வேறு எங்கே போய்ச் சொல்வது? பாறையில் கயிறு பிடிக்கப் பலமான ஆள் வேண்டும் என்று நாச்சிமுத்துவை முன்னால் கூப்பிட்டேன். எட்டுப் பேர் ஏறினார்கள். கடைசியாக அந்தம்மாவைக் கூப்பிட்டேன். "வர்றனுங்ணா" என்றார். வருகிறேன் என்று சொன்னவர் வருவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

12.05 கணவாய். நிற்க முடியாத காற்று. பேனரைப் பிடித்து ஒரு படம். கலாமணி அக்கா எங்கே என்று கேட்டார்கள். பின்னால் வருகிறார் என்றேன். நாச்சிமுத்து நின்று கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். இறக்கத்திலும் கயிறுக்கு ஆள் வேண்டும், அந்தம்மாவுக்குப் பாதை தெரியும் என்று சொல்லி அவரை வரச் சொன்னேன். இரண்டு பெண்களுக்கு உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவர்களை இறக்குவதா, நிற்பதா? 3.51 நாவல்துறை.

சிக்னல் கிடைத்ததும் எஸ்டேட் கேட் வாட்ச்மேனுக்கு ஒரு போன் போட்டேன், சும்மா கேட்டு வைக்கலாம் என்று. அந்தப் பக்கம் யாரும் வரவில்லை, இரட்டை ஓடையில் தண்ணீர் ஆள் மட்டத்துக்கு ஏறிவிட்டது என்றார்.

எல்லாம் தெப்பமாக நனைந்துவிட்டது. சட்டை, சாக்ஸ், முதலுதவிப் பையில் இருந்த பஞ்சு, துணிக்கட்டு, எல்லாவற்றையும் ஜன்னல் கம்பியில் காயப் போட்டிருக்கிறேன். மழைக் காற்றில் எங்கே காயப்போகிறது.

நவம்பர் 16, திங்கள், காலை

தூங்கவில்லை. நாச்சிமுத்து சுவரோரம் உட்கார்ந்தபடியே இருந்தார்.

ஓடை ஏறிவிட்டதால் அந்தம்மா திரும்பவும் மேலேதான் ஏறியிருப்பார். கணவாய் தாண்டியிருப்பார். இந்தப் பக்கம் எங்காவது பாறை இடுக்கில் மழைக்கு ஒதுங்கியிருப்பார். அப்படித்தான் இருக்க வேண்டும். வேறு மாதிரி இருக்க வழியில்லை.

போலீஸ், தீயணைப்பு ஆட்கள், ஊர்க்காரர்கள் என்று இருபத்திரண்டு பேர் 6.30க்குக் கிளம்பினார்கள். எங்கே தேடுவது என்று இன்ஸ்பெக்டர் என்னைத்தான் கேட்டார். கணவாய்க்கு இந்தப் பக்கம், இறக்கத்தில், என்றேன்.

திங்கள், மாலை

கிடைக்கவில்லை. நாள் முழுக்க மழை. இறக்கத்தில் உள்ள இரண்டு சரிவுகளையும் அலசிவிட்டார்கள். ஒருவருக்குக் கால் பிசகிவிட்டது.

கலாமணி அம்மாவின் மகள் பிரவீணா காலை பத்து மணிக்கே வந்துவிட்டாள். இருபத்திரண்டு வயது, படித்துவிட்டு அம்மாவோடு கடையில் இருக்கிறாள். அப்பா கிடையாது. வந்ததும் அழவில்லை, யாரையும் திட்டவில்லை. அவர்கள் தேடிக்கொண்டிருந்த திசையையே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றாள். நான் வாங்கிக் கொடுத்த டீ ஆறிப் போனது.

இன்ஸ்பெக்டர் நாச்சிமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். கடைசி ஆள் என்று பொறுப்பு எடுத்தவர் ஏன் முன்னால் போனார் என்று. நான் கூப்பிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. "எம்மேலதான் தப்புங்க. நான் பின்னாடி நின்னிருக்கோணும்" என்றார். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். சாக்ஸைப் பிழிந்துகொண்டிருந்தேன். அவர் சொன்னதைக் கேட்டேன். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மாலை நான்கு மணி வாக்கில் பிரவீணா கூடத்துக்குள் வந்தாள். ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

"இது எங்கம்மா தெச்ச பை."

ஆமாம் என்றேன்.

"இது எப்படிங்க உங்ககிட்ட வந்துச்சு?"

அந்தம்மா நனைகிறாரே, பாரமாக இருக்குமே என்று நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன் என்று சொன்னேன். சொல்லும்போது குரல் நன்றாகத்தான் இருந்தது.

அவள் பையைக் கம்பியிலிருந்து எடுத்து மடித்து, மறுபடியும் விரித்து, தையலைத் தடவிக்கொண்டிருந்தாள். அம்மா இதை யாரிடமும் கொடுக்காது என்றாள். பிறகு, அம்மா கடைசியாக என்ன சொன்னது, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்லச் சொன்னாள்.

நேற்று சுருக்கமாக எழுதிவிட்டேன். முழுதாக இதுதான்: "நீங்க போங்க, நான் வர்றனுங்ணா." அதைச் சொன்னேன்.

அந்தப் பெண் பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"அம்மா கோவிச்சுக்கிட்டா அப்படித்தான் அங்கிள் சொல்லும். போன மாசம் சித்தி வீட்டு விசேஷத்துல பந்தியில இருந்து எந்திரிச்சு வந்துருச்சு. அப்பவும் 'நீங்க சாப்பிடுங்க, நான் வர்றேன்'னுதான் சொல்லுச்சு. அது வர்றதுக்குச் சொல்றது இல்லீங்க. கெளம்பறதுக்குச் சொல்றது."

யாரும் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. எனக்கும் தெரியும். என் வீட்டிலும் அப்படித்தான்.

"அம்மா திரும்பிப் போயிருக்குமோ அங்கிள்?"

இல்லை, பாறைக்கு மேலே என் பின்னால் வந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் சரிங்க என்று தலையாட்டிவிட்டு வெளியே போய்விட்டாள். பையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 17, செவ்வாய்

காலை 6.20. ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. இன்றைக்குக் கணவாய்க்குக் கீழே பள்ளத்தாக்கில் கயிறு கட்டி இறங்கித் தேடப் போகிறார்கள். பிரவீணாவும் போகிறேன் என்று பிடிவாதம். யாரோ கொடுத்த ரெயின்கோட், அவளுக்கு ரொம்பப் பெரியது, கை மூடியிருந்தது. படியிறங்கப் போனவள் திரும்பி வந்து தன் போன் சார்ஜரை என் கையில் வைத்தாள்.

"இதப் பத்திரமா வெச்சிருங்க அங்கிள். நீங்க இருங்க, நான் வர்றனுங்க."

அதே குரல். அம்மாவுக்கும் மகளுக்கும் 'வ'வை இழுப்பது ஒரே மாதிரி. கையில் இருந்த பொருளைக் கொடுத்துவிட்டுச் சொன்னதும் ஒரே மாதிரி. நான் சொன்ன பொய்யை நம்பி அந்தப் பெண் கயிற்றில் தொங்கப் போகிறாள், அம்மா இல்லாத பள்ளத்தில்.

"போகாதே கண்ணு" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். படியில் உட்கார்ந்துவிட்டேன். கலாமணி அம்மா இந்தப் பக்கம் இல்லை, ஓடைப் பக்கம் திரும்பிப் போயிருக்கலாம் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்.

அவர் கிட்டே வந்து குனிந்தார். "போயிருக்கலாமா, போனாங்களா?"

"போனாங்க. பாத்தேன்."

"எத்தனை மணிக்கு?"

"11.18."

இவ்வளவு நிமிஷம் எழுதியவன் ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு நேரத்தை மட்டும் எழுதவில்லை என்பதை இப்போதுதான் பார்க்கிறேன். இனி மறைக்க என்ன இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

வழுக்குப் பாறைக்குக் கீழே அந்தம்மா நொண்டிக்கொண்டே வந்தார். ஓடையில் விழுந்ததில் கால் பிசகியிருந்தது, எனக்குத் தெரிந்தது. நான் சொன்ன 'இரண்டு வார்த்தை' இதுதான்: "உங்க ஒருத்தருக்காகப் பத்துப் பேர் நனையறாங்க. பேசாம தையல் மிஷின்லயே உக்காந்திருக்க வேண்டியதுதான?" யாரோ சிரித்தார்கள். அந்தம்மா முகம் செத்துப்போயிற்று. எல்லோரும் ஏறும்வரை ஓரமாக நின்றார். நாச்சிமுத்துவும் மேலே போன பிறகு, தோளில் இருந்து பையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "நீங்க போங்க, நான் வர்றனுங்ணா" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். கூட வரப்போகிறவர் எதற்குப் பையைக் கொடுப்பார்? அவ்வளவு முட்டாள் இல்லை நான். விதி நான்கின்படி எல்லோரையும் திருப்பியிருக்க வேண்டும். கணவாய் நாற்பது நிமிஷ ஏற்றம். பையில் பேனர். எஸ்டேட்டுக்கு மூன்று மணி நேரத்தில் போய்விடுவார், கேன்டீனில் டீ குடித்துவிட்டு பஸ் பிடிப்பார், மாலையில் போன் செய்து சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். யாராவது கேட்டால், வர்றேன் என்றுதானே சொன்னார் என்று பதில் சொல்லிக்கொள்ளலாம். அவர் நீல ரெயின்கோட்டில் கீழே இறங்கி வளைவு வரை போவதைப் பார்த்தேன். அப்புறம் மேகம் மூடிவிட்டது.

இதை எல்லாம் படியில் உட்கார்ந்து எல்லோர் முன்னாலும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் பாதியிலேயே எஸ்டேட்டுக்குப் போன் போட ஓடிவிட்டார். நாச்சிமுத்து தலையில் கை வைத்து நின்றார். பிரவீணா கிட்டே வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையில் இருந்த சார்ஜரை வாங்கிக்கொண்டு போய் ஜீப்பில் ஏறினாள்.

மலையைச் சுற்றி அந்தப் பக்கம் போக ஜீப்புக்கு மூன்று மணி நேரம். எஸ்டேட் ஆட்கள் பதினைந்து பேர் அதற்கு முன்பே ஓடைக்குப் போய்விட்டார்களாம். எனக்கு வண்டியில் இடம் கொடுக்கவில்லை. கேட்கவும் இல்லை. கூடத்தைப் பெருக்கினேன். காய்ந்த துணிகளை மடித்தேன். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தேன். பதினோரு மணிக்கு மழை விட்டது. பன்னிரண்டுக்குப் பிடித்துக்கொண்டது. சாமி கும்பிடலாம் என்று கண்ணை மூடினால் ஓடைதான் தெரிந்தது.

1.50க்கு நாச்சிமுத்துவின் போன் அடித்தது. பேசியவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

"உசுரு இருக்குதுங்களாமா."

ஓடைக்கு மேலே நூறடி தூரத்தில் ஒரு பாறைக் குடைவு. திரும்பி வந்தபோது ஓடை ஏறியிருந்ததால் கடக்க முடியவில்லை. மேலே ஏறவும் முடியவில்லை. அங்கேயே இரண்டு ராத்திரி. கணுக்கால் உடைந்திருக்கிறது. ஜுரத்தில் பிதற்றிக்கொண்டு இருந்தாராம். ஓடைக்குக் குறுக்கே கயிறு கட்டி, தொட்டில் மாதிரி வைத்துக் கொண்டுவந்தார்கள். தண்ணீருக்குப் பஞ்சமில்லை, ரெயின்கோட் இருந்தது, அதனால் பிழைத்தார் என்கிறார்கள். முதலுதவிப் பை இருந்திருந்தால் காலைக் கட்டியாவது வைத்திருப்பார். அது என்னிடம் இருந்தது.

நேற்றுக் காலையிலேயே சொல்லியிருந்தால் ஒரு ராத்திரி குறைந்திருக்கும். ஞாயிறு மாலையே சொல்லியிருந்தால் என்று கணக்குப் போட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நவம்பர் 18, புதன்

வீட்டில். காய்ச்சல். லோகநாயகி கஞ்சியைக் கட்டிலோரம் வைத்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 20, வெள்ளி

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அழைக்கும்போது வர வேண்டும் என்றார்கள்.

குழுவின் வாட்ஸப்பில் மூன்று நாளாக நாச்சிமுத்துவைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆளாக இருக்கத் துப்பில்லை, வயசாகிவிட்டது என்று. அவர் ஒன்றும் எழுதவில்லை. நான் அவரை முன்னால் கூப்பிட்டதையும், திரும்பிப் போனவரைப் பார்த்தும் போகவிட்டதையும் அதிலேயே எழுதினேன். நான்கு தடவை எழுதி அழித்துவிட்டு ஐந்தாவது தடவை அனுப்பினேன். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள்.

மாலையில் நாச்சிமுத்து வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். காப்பி கொடுத்தார்கள். மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்டக் கேட்டு என்னங்க ஆவுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

பேனர் பையிலேயே கிடந்து பூஞ்சை பிடித்துவிட்டது. தூக்கிப் போட்டேன்.

நவம்பர் 22, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசல் வரை இரண்டு நாள் போய்த் திரும்பியிருக்கிறேன், எழுதவில்லை. இன்றைக்கு லோகநாயகி பச்சைப் பையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, புதுப் பஞ்சும் துணிக்கட்டும் வாங்கி உள்ளே வைத்து என் கையில் கொடுத்தாள். "குடுத்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். வலது காலில் முட்டி வரை கட்டு, தலையணை மேல் தூக்கி வைத்திருந்தது. பிளேட் வைத்திருக்கிறார்களாம். மிஷின் மிதிக்கிற கால். நான்கு மாதம் ஊன்றவே கூடாது, அப்புறமும் முன்பு போல வருமா என்று டாக்டர் சொல்லவில்லை. தை மாதக் கல்யாணத் துணியெல்லாம் கடையில் வெட்டி வைத்தபடி கிடக்கிறதாம். இதைப் பிரவீணா சொன்னாள், என்னைப் பார்க்காமல், ஆரஞ்சு உரித்துக்கொண்டே. பிறகு ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பையைக் கட்டிலில் வைத்தேன். கலாமணி அதைத் திறந்து பார்த்தார், மூடினார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். உதடெல்லாம் வெடிப்பு.

நான் பேச்சை மனப்பாடம் செய்து கொண்டுபோயிருந்தேன். ஆனால் முதலில் அவர்தான் பேசினார்.

"திரும்பிப் போறேன்னு சொன்னா அல்லாரும் திரும்போணும்னு நீங்கதானுங்ணா எழுதி வெச்சிருக்கீங்க. என்னால அம்பதாவது நடை கெட்டுப்போச்சுன்னு பேச்சு வந்துரக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன்."

"எனக்குப் புரிஞ்சுதுங்க" என்றேன். "அப்பவே புரிஞ்சுது."

"தெரியுமுங்ணா." கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடியே சொன்னார். "வளைவுல நானும் திரும்பிப் பாத்தனுங்க. நீங்க பாத்துட்டு நின்னீங்க. கூப்புடுவீங்கன்னு கொஞ்ச நேரம் நின்னேன்."

மேகம் மூடிவிட்டது என்று செவ்வாய்க்கிழமை எழுதியிருக்கிறேன். மூடவில்லை. நீலக் கோட்டு வளைவில் நின்றது. முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. அவர் எதற்கு நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. விசில் கழுத்தில்தான் தொங்கியது. ஒரு ஊது ஊதியிருந்தால் வந்திருப்பார். நான் மணி பார்த்தேன். அப்படித்தான் எனக்கு 11.18 என்று தெரியும்.

இதைப் போலீஸில் எழுதிக் கொடுத்த தாளிலும் எழுதவில்லை. நாளைக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். அவரிடம் அங்கேயே சொன்னேன், மேகம் மூடவில்லை என்று, நீங்கள் நின்றதைப் பார்த்தேன் என்று. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில் அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிரவீணா ஃபிளாஸ்க்கோடு திரும்பி வந்தாள். எழுந்தேன். கை கூப்பினேன். வாய்க்குப் பழக்கம், "வர்ற" என்பது வரை சொல்லிவிட்டேன்.

"வேண்டாமுங்ணா" என்றார் கலாமணி. "போறேன்னு சொல்லிட்டுப் போங்க."

ஆஸ்பத்திரியில் வருகிறேன் என்று சொல்லக் கூடாது, எல்லோரும் அறிந்த வழக்கம்தான். அதற்காகச் சொன்னாரா, வேறு எதற்காகவா என்று நான் கேட்கவில்லை. இந்த ஐம்பத்தாறு வயதில் யாரிடமும் போறேன் என்று சொல்லி விடைபெற்றதில்லை.

"போறனுங்க" என்றேன்.

பிரவீணா கதவைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டாள். கீழே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். நாலைந்து வண்டிகள் வந்து போயின. மணி பார்க்கவில்லை.